அப்பாவின் கட்சியும் யன்னல் பூச்சட்டியும்

ஜெரேனியம் இலையை விரல்களுக்கிடையில் வைத்துக் கசக்கினால் எலுமிச்சையும் இரும்புத் துருவும் கலந்ததுபோல ஒரு மணம் வரும். பூக்கடைகளில் பலர் அதை ஆசையோடு முகர்ந்து பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். எனக்கோ அந்த மணம் மூக்கில் ஏறியதும் கை தானாகவே யாருடைய கையையாவது தேடும். நாற்பது வயதை எட்டிய, வேலையும் வீட்டுக்கடனும் உள்ள ஒரு பெண் ஒரு செடிக்குப் பயப்படுவதா என்று நீங்கள் கேட்கலாம். செடி இருந்தால் பயமில்லை, அது இல்லாத யன்னல்தான் என்னைப் பயமுறுத்துவது. அந்தப் பயம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அப்பாவுக்கு அது ஐரோப்பாவின் ஒரு மூலையில் இருந்த மிகச் சிறிய கம்யூனிஸ்ட் கட்சி ஒன்றிலிருந்து வந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட அப்பா நியூசிலாந்துக்கு வருமுன் பல வருடங்கள் அந்த நாட்டில்தான் இருந்தார். நானும் அங்கேதான் பிறந்தேன். நாட்டின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டில் அது உச்சரிக்கப்பட்டதேயில்லை. "அங்க" என்றால் அந்த நாடு, "கட்சி" என்றால் அந்தக் கட்சி, அவ்வளவுதான். அங்கே இரும்பு உருக்கும் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்து அப்பாவின் வேலையும் போனபின், அம்மாவின் உறவினர் ஒருவரின் தயவால் ஆக்லாந்துக்கு வந்து, ஒனிஹங்காவில் முன்யன்னல் தெருவைப் பார்த்தபடி இருந்த ஒரு பழைய மரவீட்டை வாடகைக்கு எடுத்தோம். அப்பாவுக்கு மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு இரும்புப் பட்டறையில் வேலை கிடைத்தது. எங்கள் விசா தற்காலிகமானது. நிரந்தரமாகத் தங்குவதற்கு விண்ணப்பித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தோம்.

அப்படிக் காத்திருந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தபோது, தமிழர்களின் விசா விவகாரமெல்லாம் தனக்கு அத்துப்படி என்று நம்பிய மன்னார் அந்தோனி அங்கிள் பேச்சோடு பேச்சாக ஒரு வார்த்தை விட்டார்: "கம்யூனிஸ்ட் எண்டு ஒரு மணம் பட்டாலே காணும், அடுத்த பிளேனில ஏத்திப்போடுவாங்கள்." அது உண்மையா என்று அப்பா எவரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் நீ ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்பார்களே! மறுநாள் வரவேற்பறைச் சுவரிலிருந்த மே தின ஊர்வலப் படம் இறங்கியது. அலுமாரிக்குள் மடித்து வைத்திருந்த சிவப்புக் கழுத்துத்துணி எங்கோ மறைந்தது. கட்சியைப் பற்றி வெளியில் மூச்சு விடக்கூடாது என்று எனக்கும் உத்தரவு வந்தது.

ஆனால் வீட்டுக்குள் கட்சியைப் பற்றிக் கதைக்காமல் இருக்க அப்பாவால் முடியவில்லை, பாவம். இரவுச் சாப்பாடு முடிந்து கோப்பை கழுவும்போது என்னைத் துணைக்கு நிறுத்திக்கொண்டு, குழாயை நன்றாகத் திறந்துவிட்டுத்தான் தொடங்குவார். தண்ணீர்ச் சத்தம் இருந்தால் சுவருக்கு அப்பால் ஒன்றும் கேட்காதாம். அதுவும் கட்சியில் பழகிய பழக்கம். ஆகவே ஒரு சிறிய கட்சியின் வரலாறு முழுவதையும் நான் தண்ணீர்ச் சத்தத்தோடுதான் கேட்டேன். நாட்டின் தெற்கே சுரங்கங்களிலும் உலைகளிலும் வேலை செய்த சிலர், பெரிய சோஷலிசக் கட்சி முதலாளிகளோடு குழைகிறது என்று கோபித்துக்கொண்டு, ஒரு மதுச்சாலையின் பின்னறையில் கூடித் தொடங்கியதாம் அது. நாற்காலி போதாமல் சிலர் பீப்பாய்களில் உட்கார்ந்தார்கள் என்று சொல்லும்போது, தானும் ஒரு பீப்பாயில் இருந்து எழும்பி வந்தவர்போலத்தான் அப்பா சொல்லுவார். பிறகு போர் வந்தது, ஜெர்மன் படை நாட்டைப் பிடித்தது, கட்சி தலைமறைவானது. சிலர் சுடப்பட்டார்கள், சிலர் முகாம்களிலிருந்து திரும்பவேயில்லை, மிஞ்சியவர்கள் ஒரு பேக்கரியின் நிலவறையில் துண்டுப்பிரசுரம் அச்சடித்து, பாண் கூடைகளுக்குள் ஒளித்து வீடு வீடாகக் கொடுத்தார்கள்.

போர் முடிந்ததும் அந்தத் துணிவுக்காகவே மக்கள் அவர்களுக்கு வாக்களித்தார்கள். பாராளுமன்றத்தில் சில ஆசனங்கள், கொஞ்சக் காலத்துக்கு ஒரு மந்திரியும்கூட. பனிப்போர் தொடங்கியவுடன் மந்திரிப் பதவி போனது, கட்சிக்காரன் என்றால் தெருவில் முகம் திருப்பிக்கொள்ளும் காலம் வந்தது. ஆனாலும் உருக்கு நகரத்து நகரசபையில் அவர்கள் நிலைத்து நின்று தொழிலாளருக்கு வீடு, பொதுக் குளியல் தடாகம், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு மாலைநேர மொழி வகுப்பு என்று எதையாவது பிடிவாதமாகச் செய்துகொண்டிருந்தார்கள். அந்த வகுப்பில்தான் அப்பா அந்த நாட்டு மொழியைக் கற்றார், கட்சிப் பத்திரிகை மடிக்கும் வேலையும் அங்கேதான் கிடைத்தது. சோவியத் டாங்கிகள் இன்னொரு நாட்டுக்குள் புகுந்தபோது கட்சி அதைச் சரியென்று சொன்னதாம். நல்ல ஆட்கள் பலர் அன்று விலகிப்போனார்களாம். "அந்த இடத்தில கட்சி பிழைவிட்டது" என்று சொல்லும்போது மட்டும் அப்பா குழாயை இன்னும் கொஞ்சம் கூடத் திறந்துவிடுவார், கட்சிக்கே கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வரும்: "உங்கட கட்சியில மொத்தம் எத்தினை பேர்? எங்கட கோயில் பாட்டுக்குழு அதைவிடப் பெரிசு. கெதியா பைப்பைப் பூட்டுங்கோ!"

இவையெல்லாம் கேட்க எனக்கு நன்றாகத்தான் இருந்தன. பயம் பூச்சட்டியோடுதான் வந்தது. போர்க்காலத்தில் கட்சிக்காரர்கள் தங்கள் வீட்டின் தெருப்பக்க யன்னலில் சிவப்பு ஜெரேனியச் சட்டி ஒன்றை வைப்பார்களாம். சட்டி இருந்தால் உள்ளே வரலாம். இல்லையென்றால் உள்ளே ஆபத்து, நடையைக்கூடக் குறைக்காமல் கடந்துபோய்விட வேண்டும். போர் முடிந்து எத்தனையோ காலமான பின்னும் அவர்கள் அந்தச் சட்டிகளை எடுக்கவில்லை. வெளியூரார் அது பூக்களை விரும்பும் நகரம் என்று நினைத்தார்கள். கட்சியைச் சேர்ந்த மார்த்தா என்ற கைம்பெண்ணின் பரண் அறையில் அப்பா தங்கியிருந்த நாட்களில் அவருடைய அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டு, பொலிஸ் அவரைத் திருப்பியனுப்பத் தேடிக்கொண்டிருந்தது. ஒரு மாலை வகுப்பு முடிந்து வந்தவர், யன்னலில் சட்டி இல்லாததைக் கண்டு வீட்டைக் கடந்து நடந்தார். உள்ளே பொலிஸ்காரர்கள் இருக்க, மார்த்தா தண்ணீர் ஊற்றும் சாட்டில் சட்டியை எடுத்துவிட்டு, அவர்களுக்கு அவசரமில்லாமல் கோப்பி போட்டுக்கொண்டிருந்தாராம். அதன்பின் கட்சி அப்பாவை வீட்டுக்கு வீடு மாற்றி ஒளித்து, வழக்கறிஞர் பிடித்து, தன் பத்திரிகையில் விடாமல் எழுதி, கடைசியில் தங்கும் அனுமதியையும் வாங்கிக் கொடுத்தது. "அண்டைக்கு அந்தச் சட்டி யன்னலில இருந்திருந்தா இண்டைக்கு நீ இல்லை, பிள்ளை" என்று சொல்லித்தான் அப்பா குழாயைப் பூட்டுவார்.

அந்தோனி அங்கிளின் வார்த்தைக்குப் பிறகு வந்த சனிக்கிழமை எங்கள் ஒனிஹங்கா வீட்டு யன்னலிலும் ஒரு சிவப்பு ஜெரேனியம் வந்து உட்கார்ந்தது. அப்பா என்னை வெளியே அழைத்துப்போய்த் தெருவில் நிறுத்திக் காட்டினார். "இது இல்லாட்டி வீட்டுக்குள்ள ஆக்கள் நிக்கினம் எண்டு அர்த்தம். நிக்கக்கூடாது, திரும்பிப் பாக்கக்கூடாது. நேர 'ரெண்டாம் இடத்துக்கு'ப் போயிடு. விளங்கிச்சோ?" இரண்டாம் இடம் என்பதும் கட்சி வழக்கம்தான்: வீடு போனால் கூடுவதற்கு முன்கூட்டியே குறித்து வைத்த இடம். எங்களுக்கு அது மனுக்காவ் குடாவின் குறுக்கே கிடந்த பழைய மாங்கெரே பாலம். வாகனங்களுக்கு மூடி, மீன் பிடிப்பவர்களுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டிருந்த அந்தப் பாலத்தில் எவ்வளவு நேரம் நின்றாலும் எவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள் என்பது அப்பாவின் கணக்கு.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வருவதே எனக்குப் பெரும்பாடாயிற்று. எங்கள் தெருமூலையில் திரும்புமுன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மரியே வாழ்க சொல்லுவேன், பிறகு ஒரு கண்ணை மட்டும் திறப்பேன். சிவப்பு தெரிந்தால்தான் மூச்சு வரும். மின்மானி பார்க்க வந்தவனைக் கண்டும் நடுங்கினேன். ஒருநாள் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக இரண்டு இளைஞர்கள் வேதம் சொல்ல வந்து கதவைத் தட்டியபோது, அப்பா உடுப்புத் தோய்க்கும் அறையில் கதவுக்குப் பின்னால் மூச்சடக்கி நின்றார். அவர் தலையில் ஒரு ஈரத் துவாய் தொங்கியது. அம்மா பிறகு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவேயில்லை. அவ்வளவு பெரிய உலைகளுக்கு முன்னால் நின்ற என் அப்பா ஒளிந்துகொள்கிறார் என்றால், வரப்போகிறவர்கள் எப்படிப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்றுதான் எண்ணினேன்.

பிறகு அந்த நாள் வந்தது. ஆக்லாந்து குளிர்காலத்தின் தூறல் நாள். மூலையில் ஒரு கண்ணைத் திறந்தேன், சிவப்பு இல்லை. இரண்டாவது கண்ணையும் திறந்து பார்த்தேன். வெறும் யன்னல்தான் வெளுத்துத் தெரிந்தது. உள்ளே அம்மா இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும், அவர் இந்நேரம் எனக்குத் தேநீர் ஊற்றும் நேரம். ஓடிப்போய்க் கதவைத் தட்ட வேண்டும்போல் கால் பரபரத்தது. ஆனால் நிற்கக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது. புத்தகப் பையை இறுக்கிப் பிடித்தபடி எங்கள் வீட்டை யாரோ ஒருவருடைய வீடுபோலக் கடந்து, கடைத்தெருவைத் தாண்டித் துறைமுகப் பக்கம் இறங்கினேன். அழுதால் பிடித்துவிடுவார்கள் என்று நினைத்து அழுகையை அடக்கியதில் விக்கல் வந்தது.

பாலத்தில் வாளிகளுக்கும் தூண்டில்களுக்கும் இடையில் ஒரு சீமெந்துத் திட்டில் உட்கார்ந்தேன். கடல் வற்றிச் சேற்று மணம் வீசிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் இருந்தேனோ, பக்கத்துப் பாலத்தில் வாகனங்களின் விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. அப்போதுதான் ஒனிஹங்காப் பக்கத்திலிருந்து, பட்டறை மேலங்கியின் கழுத்தை உயர்த்திவிட்டுக்கொண்டு அப்பா வருவதைக் கண்டேன். எனக்கு உயிர் வந்தது. எழும்பினேன். அப்பாவின் கண் என் முகத்தில் விழுந்தது. பக்கத்தில் இருந்த மீன் வாளியில் எப்படி விழுந்ததோ அப்படியே விழுந்து, அப்படியே விலகியது. அவர் நடையைக் குறைக்கவில்லை. என்னைக் கடந்து மாங்கெரேப் பக்கமாகப் போய்க்கொண்டேயிருந்தார்.

அப்பா என்று கூப்பிட வாய் வரவில்லை. இந்த வாழ்க்கையில் நான் அதற்குமேல் பயந்ததில்லை, பிரசவ அறையிலும் இல்லை, அம்மா கிடந்த மருத்துவமனை வராந்தாவிலும் இல்லை. அது அப்பா இல்லையோ, அல்லது அவருக்கு ஏதோ செய்துவிட்டார்களோ, அல்லது நான்தான் இனி அவருடைய பிள்ளை இல்லையோ என்று மாறி மாறித் தோன்றியது. அந்தக் கண்களில் என்னைத் தெரிந்ததற்கான ஒரு துளி அடையாளம்கூட இல்லை. காற்சட்டை நனைந்துபோனதைக் குளிரில்தான் உணர்ந்தேன்.

பாலத்தின் பாதிவரை போனவர் சுற்றித் திரும்பி வந்தார். என் திட்டின் மறு ஓரத்தில், முன்பின் அறியாதவர் உட்காருவதுபோல இடைவெளி விட்டு உட்கார்ந்தார். தண்ணீரைப் பார்த்தபடி, உதடு அசையாமல் கேட்டார்:

"அம்மா எங்க?"

"உள்ளுக்கு" என்றேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

சட்டி இல்லாத வீட்டுக்கு அன்று எவரும் திரும்பக்கூடாது என்பதுதான் கட்சியின் விதி. அதை மீறிய ஒருவரால் மூன்று வீடுகள் பிடிபட்ட கதையை அவரே தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குச் சொல்லியிருக்கிறார். என்றாலும் எழுந்தார். என் கையைப் பிடித்தார். "தெரியாத ஆள் மாதிரிக் கடந்து போனாத்தான், எனக்குப் பின்னால வாறவன் உன்னைத் தொடமாட்டான். சுத்தி வந்து, ஒருத்தரும் இல்லையெண்டு கண்டபிறகுதான் இருக்கவேணும். அதை உனக்குச் சொல்லித்தர மறந்துபோனன், பிள்ளை" என்று நடந்தபடியே சொன்னார்.

எங்கள் வீட்டு வாசலில் பொலிஸ் வண்டி நின்றது. அப்பா என்னைத் தெருமுனைச் சில்லறைக் கடையான டெய்ரிக்குள் விட்டு, தான் கூப்பிடும்வரை வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து சற்று விலக்கி, வெறுங்கை என்று தெரியும்படி வைத்துக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தார். டெய்ரிக்காரம்மா என்னவோ கேட்டார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. சொன்ன சொல்லைக் கேட்டு நிற்க அதற்குமேல் என்னால் முடியாமல் பின்னாலேயே ஓடினேன்.

கதவைத் திறந்தது ஒரு பொலிஸ்காரி. அவருக்குப் பின்னால் அம்மா, முகமெல்லாம் வீங்கி. எவரும் எதையும் கேட்குமுன்னே அப்பா தன் பட்டறை ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டத் தொடங்கினார்: கட்சியின் பெயர், தான் உறுப்பினராக இருந்தது, பத்திரிகை மடித்தது, மே தினத்தில் பதாகை பிடித்தது, மனைவிக்கும் பிள்ளைக்கும் இதில் சம்பந்தமில்லை என்பது. நான் அப்பாவின் மேலங்கியைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இனி விமானம்தான் என்று நினைத்தேன்.

பொலிஸ்காரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த நாட்டின் பெயரையே தான் இன்றைக்குத்தான் கேள்விப்படுவதாகச் சொன்னார். பிறகு குனிந்து என்னைப் பார்த்து, "காணாமல்போன பிள்ளை இதுதானே? காலுறையை மாற்றிவிடுங்கள், தடிமன் பிடிக்கப்போகிறது" என்றார். அம்மா அழுதுகொண்டே, பொரித்து வைத்திருந்த ரோல்ஸ் சிலவற்றைக் கடதாசியில் சுற்றிப் பொலிஸ்காரிக்குக் கொடுத்தார். பிள்ளையும் வரவில்லை, புருஷனும் வரவில்லை என்று பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தது அம்மாதான்.

நடந்தது இவ்வளவுதான்: மறுநாள் வாடகை வீடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க ஏஜென்சிப் பெண் வருவதாக இருந்தது. சட்டி இருந்த இடத்தில் வெள்ளைப் பலகையில் வட்டமாக ஒரு கறை. அம்மா அதைத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, சட்டியைப் பின்வளவில் வைத்தவர் வைத்தவர்தான். "ஒரு சட்டியை எடுத்து வைச்சதுக்குப் புருஷனும் பிள்ளையும் துலைஞ்சுபோற வீடு உலகத்தில இதொண்டுதான்!" என்று அப்பாவின் நெஞ்சில் குத்திக்கொண்டே சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்த முடியாமல் அழுதார்.

அப்பா சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. மேலங்கியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "அந்தப் பொலிஸ் மனுசிக்கு ஒண்டுமே தெரியேல்லை. பேர்கூடத் தெரியேல்லை" என்றார். அது ஆறுதலா ஏமாற்றமா என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. உலகம் இன்னும் பயப்படும் ஒன்றில் தானும் ஒரு பங்காக இருந்தேன் என்ற நினைப்பில்தான் அவர் தலை நிமிர்ந்திருந்தார். அவ்வளவு பேர் உயிரைக் கொடுத்த கட்சிக்கு, உலகத்தின் இந்த முனையில், பயப்படக்கூட ஆளில்லை. சில மாதங்களில் எங்களுக்கு நிரந்தர அனுமதி கிடைத்தது. கட்சியைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் சட்டி யன்னலுக்குத் திரும்பிவிட்டது, நாங்கள் அந்த வீட்டை விட்டுப் போகும்வரை இருந்தது, என் பயமும் அதோடு கூடவே இருந்தது.

அந்தப் பழைய பாலம் இப்போது இல்லை. இடித்துவிட்டு, வளைந்த கைப்பிடிகளோடு அழகான புதிய நடைபாலம் கட்டியிருக்கிறார்கள். அப்பாவின் உருக்கு நகரத்தில் அணைந்த உலைகளைச் சுற்றுலாப் பயணிகள் படம் பிடிப்பதையும், கட்சியின் கடைசி நகரசபை ஆசனமும் போய்விட்டதையும் இணையத்தில்தான் படித்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா இப்போது மவுண்ட் வெல்லிங்டனில் என்னோடு இருக்கிறார். ஒரு வருடமாகப் பெயர்கள் அவரை விட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன. முதலில் அந்தோனி அங்கிள், பிறகு மார்த்தா, சில காலைகளில் நான். அவருக்காகவே என் யன்னலில் ஒரு ஜெரேனியம் வைத்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு பின்னேரம் அவர் வழக்கமான நடைக்குப் போயிருந்த நேரத்தில், யன்னல் துடைப்பதற்காக அந்தச் சட்டியை எடுத்துக் கீழே வைத்தேன். சற்று நேரத்தில் அப்பா எங்கள் வாசலுக்கு வந்து, நிற்காமல் கடந்து போவது கண்ணாடியில் தெரிந்தது. வெறுங்காலோடு ஓடிக் குறுக்குவழியால் போய், பேருந்துத் தரிப்பிடத்தில் ஆட்கள் உட்காரும் வாங்கருகில் அவருக்கு முன்னால் நின்றேன். அவருடைய கண் என் முகத்தில் விழுந்தது. அதே கண், ஒரு துளி அடையாளமும் இல்லாமல். விலகி நடந்தார். இது கட்சி விதியா, அல்லது உண்மையாகவே நான் அவர் நினைவிலிருந்து அழிந்துபோய்விட்டேனா என்று எனக்குத் தெரியவில்லை. நாற்பது வயதில், பட்டப்பகலில், நான் மறுபடி அந்தப் பாலத்துச் சிறுமியானேன். கூப்பிடவில்லை. வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்து, மறு ஓரத்தில் இடம் விட்டு, முகத்தைத் திருப்பாமல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வளைவுவரை போனவர் சுற்றித் திரும்பி வந்தார். இடைவெளி விட்டு உட்கார்ந்தார்.

"அம்மா எங்க?" என்றார், உதடு அசையாமல்.

அன்று சொன்ன பதில்தான் வாயில் வந்தது.

"உள்ளுக்கு."

அப்பா எழுந்து, இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து சற்று விலக்கி வைத்துக்கொண்டு, சட்டி இல்லாத வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார்.